பண்டிகை நாள் டிவியில் அன்றைக்கே நடப்பது எது?

சென்னையில் வேலை பார்க்கும் வேலூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்தால் காலை 6 மணிக்குப் போட்ட டிவி ராத்திரி 11 மணிக்குத்தான் அணைகிறது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. அப்பாவோ "அந்தக் காலத்துல வந்த மாதிரி இப்ப எங்க வருது" என்கிறார். நிஜமாகவே தரம் குறைந்துவிட்டதா? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

நான் காட்பாடிப் பக்கம் 25 வருஷம் கேபிள் தொழிலில் இருந்தவன். ஊரே வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நாள்தான் கேபிள்காரனுக்கு வேலை நாள். அதனால் அத்தனை தீபாவளியையும் பொங்கலையும் கண்ட்ரோல் ரூமிலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோதான் கழித்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பண்டிகையன்று டிவியில் வருவதில் பெரும்பகுதி அன்றைக்கு நடப்பதே இல்லை. பட்டுப்புடவையில் வந்து நடிகை மத்தாப்பு கொளுத்தும் காட்சி, நட்சத்திரப் பேட்டி, சமையல் போட்டி, ஆட்டம் பாட்டம் எல்லாமே சில வாரங்களுக்கு முன்பு, ஏதோ ஒரு சாதாரண வேலை நாளில், செட்டில் எடுத்தவை. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பேரையும் பண்டிகையன்று வரவழைக்கவும் முடியாது, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆனால் முன்பே எடுத்தது பிறகும் கிடைக்கும். இன்றைக்கு அநேகமாக எல்லாமே மறுநாள் போனில் வந்துவிடுகிறது. அப்படியிருக்க அன்றைக்கே பார்த்தால்தான் உண்டு என்பது எது என்று மட்டும் பாருங்கள். அதற்கு டிவி முன்னால் உட்காருங்கள், மற்றது ஓடினால் ஓடட்டும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது தரத்தைப் பற்றியது இல்லை என்பது என் எண்ணம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. சென்னையிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்களுக்கு அந்த அலை வந்து சேருவதே பாடு. அரக்கோணத்தில் எங்கள் சித்தி வீட்டில் படம் ஓரளவு தெளிவாக வரும். காட்பாடியில் இரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டரும் வைத்தால்தான் புள்ளிகளுக்கு நடுவே முகம் தெரியும். ஒருத்தர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, இன்னொருத்தர் வாசலில் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு... போயிடுச்சு" என்று கத்த, அப்படித்தான் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பார்த்தோம். தெருவுக்கு இரண்டு மூன்று டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தமிழ்ப் படம். தீபாவளிக்கு ஒரு சிறப்புப் படம் என்றால் அதற்காக வீட்டு வேலையை 5 மணிக்கே முடித்துவிட்டு, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டிவி இருக்கும் வீட்டுக்குப் போவார்கள். கிடைத்தது ஒன்றே ஒன்று, பார்த்தது தெருவே சேர்ந்து. உங்கள் அப்பா ஞாபகத்தில் வைத்திருப்பது அந்தக் கூட்டத்தை. அந்த நிகழ்ச்சியை இன்றைக்குப் போட்டுக் காட்டினால் அரைமணி நேரம்கூட அவரால் உட்கார முடியாது.

அதற்கும் முன்னால் எங்கள் பக்கத்தில் விழாக்காலப் பொழுதுபோக்கு என்றால் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயிலின் அக்னி வசந்த விழா நடக்கும் ஊரில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும், கடைசி நாள் துரியோதனன் படுகளம். வேலூரும் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய வடஆற்காட்டில் இன்றைக்கும் அது நின்றுவிடவில்லை. டிவி வந்தபிறகும் படுகளத்துக்குக் கூட்டம் குறையாததைப் பார்த்திருக்கிறேன். மண்ணைக் குவித்து அத்தனை பெரிய துரியோதனனைப் படுக்கவைத்து, பீமன் வந்து தொடையில் அடிக்கிற இடத்தை நேரில் நின்று பார்ப்பதற்கு ஈடாக எந்தத் திரையும் வந்துவிடவில்லை.

சரி, டிவிக்கு வருவோம். சன் டிவி தொடங்கிய நாளே ஒரு பண்டிகை நாள்: 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் தேதி. தொடக்கத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. அடுத்து 1994இல் ராஜ் டிவி, 1999இல் ஜெயா டிவி, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி, 2008இல் ஜீ தமிழ் என்று வரிசையாக வந்தன. விஜய் டிவி வேறொரு பெயரில் ஆரம்பித்துக் கை மாறி, 2001இல் ஸ்டார் குழுமத்திடம் போனது. 2006இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும் டிவி இல்லாத வீடு என்பதே அரிதாகிவிட்டது. அந்த வருஷங்களில் புது இணைப்புக் கேட்டு வந்தவர்களுக்கு ஒயர் இழுத்து மாளவில்லை. தெரு கூடிப் பார்த்த பண்டிகை டிவி வீட்டுக்குள் போனது அப்போதுதான். அதன் நல்லதும் கெட்டதும் அங்கிருந்து வந்தவைதான்.

வீட்டுக்குள் போன டிவி, வீட்டு நேரத்தைக் கற்றுக்கொண்டது. ஒரு தீபாவளி நாள் நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்து, பக்கத்திலேயே நம் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல். டிவியில் நாதஸ்வரம், மங்கள இசை, ஒரு சொற்பொழிவு. யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, வீட்டில் சத்தம் இருந்தால் போதும். 8 மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும். சாப்பிடும்போது நட்சத்திரப் பேட்டி, எங்கிருந்து பார்த்தாலும் புரியும். 10 மணி வாக்கில் பட்டிமன்றம். இது ஏன் பெரும்பாலும் காலையிலேயே வருகிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பட்டிமன்றத்தைக் கண்ணால் பார்க்கவேண்டியதில்லை, காதால் கேட்டாலே போதும். மத்தியானச் சமையலில் இருக்கும் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டுச் சிரிக்கலாம். 11 மணிக்கு ஒரு படம், சாப்பாடு ஆனதும் 2 மணிக்கு இன்னொரு படம், தூங்குகிறவர்கள் தூங்கலாம். எல்லோரும் எழுந்து காபி குடித்துவிட்டு உட்காரும் ஆறு, ஆறரைக்கு அன்றைய பெரிய படம்.

இதில் எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு இடி விழும். வடஆற்காட்டில் பல வீடுகளில் தீபாவளி என்றாலே நோன்பு. கேதார கௌரி விரதம். அதிரசம் சுட்டு, கலசம் வைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொண்டுதான் சாப்பாடு. அமாவாசை எப்போது இருக்கிறதோ அந்த நேரத்துக்கு நோன்பு. அது சாயங்காலமாக அமைந்துவிட்டால் பெரிய படத்தின் முதல் ஒரு மணி நேரம் வீட்டுப் பெண்களுக்குப் போயே போய்விடும். சென்னையில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு வருஷம், சாயங்காலப் படம் ஓடும்போது ராக்கெட் வெடி ஒன்று மொட்டைமாடியில் கிடந்த எங்கள் ஒயர்மேல் விழுந்து எரிந்துவிட்டது. 60 வீட்டில் படம் நின்றது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான் ஜாயின்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒரு பாட்டி, "அவசரப்படாத கண்ணு, நாங்க இப்பதான் நோன்பு எடுக்கப் போறோம், நீ பொறுமையா பண்ணு" என்று சொல்லி இரண்டு அதிரசம் கொடுத்தனுப்பினார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதற்குத்தான் காத்திருப்பதாக நினைக்கிறார்கள். "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன" என்று விளம்பரக் குரல் சொன்னபோது ஒரு காலத்தில் உடம்பு சிலிர்த்தது. தியேட்டரில் விட்டுவிட்டால், திருட்டு விசிடி இல்லாமல் அந்தப் படத்தை வீட்டில் பார்க்க வேறு வழி கிடையாது. இப்போது தமிழ்ப் படங்கள் பலவும் தியேட்டருக்கு வந்து 4 வாரத்தில் ஓடிடியில் ஏறிவிடுகின்றன. டிவிக்கு வரும்போது வீட்டில் பாதிப் பேர் போனில் பார்த்து முடித்திருப்பார்கள். கொரோனா சமயத்தில் மட்டும் இது தலைகீழானது. தியேட்டருக்குப் போகாமல் நேராகவே டிவிக்குப் படங்கள் வந்தன. 2021 பொங்கலுக்கு 'புலிக்குத்தி பாண்டி' சன் டிவியில் அப்படி வந்ததுதான். உண்மையான "முதல் முறையாக" என்றால் அதுதான். அது நிலைக்கவில்லை.

டிவியில் வரும் படம் தியேட்டரில் பார்த்த அதே படமாகவும் இருக்காது. 'யு' அல்லது 'யு/ஏ' சான்றிதழ் உள்ள படத்தைத்தான் டிவியில் போடலாம். 'ஏ' வாங்கிய படம் என்றால் வெட்டித் திருத்தி, மறுபடி தணிக்கைக்குப் போய், சான்றிதழை மாற்றி வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். அப்புறம் விளம்பரம். ஒரு மணி நேரத்துக்கு, சேனலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து, 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்தக் கணக்கில் இரண்டரை மணி நேரப் படம் 3 மணி 8 நிமிடத்தில் முடியவேண்டும். ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதே முக்காலுக்குள் முடிந்திருக்கவேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒரு தடவை குறித்துப் பாருங்கள்.

சேனல்கள் பெரிய படத்தை விடுமுறை நாளில் வைப்பதற்குக் காரணம் ரேட்டிங். பார்க் என்ற அமைப்பு இந்தியா முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. சேனலின் ஒலியில் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும், மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளும். கணக்கு சனி முதல் வெள்ளி வரை, முடிவு அடுத்த வியாழனன்று. அந்த ஒரு வாரத்தில் ஒரு நல்ல நாள் வந்தால் வாரம் முழுக்க உயர்ந்துவிடும். எல்லாச் சேனலும் ஒரே மாதிரி இருப்பதாக உங்களுக்குத் தோன்றுவது அதனால்தான். ஒரே வீட்டின் ஒரே ரிமோட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறார்கள்.

பெயர் வைப்பதிலும் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கொள்கை உண்டு. கலைஞர் தொலைக்காட்சி விநாயகர் சதுர்த்தியன்று "விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்" என்றுதான் அறிவித்துவந்தது. தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று 2008இல் சட்டம் வந்து, 2011இல் அது நீக்கப்படும்வரை, ஏப்ரல் 14ஐ எப்படி அழைப்பது என்பதே சேனலுக்குச் சேனல் வேறுபட்டது. நிகழ்ச்சி என்னவோ எல்லா இடத்திலும் பட்டிமன்றமும் படமும்தான்.

முன்பே எடுத்தவற்றில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று பட்டிமன்றம். சாலமன் பாப்பையா நடுவராக இருக்க, ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் பேசும்போது, "கணவனா மனைவியா" மாதிரி நூறு தடவை அரைத்த தலைப்பில்கூட, பேச்சு எங்காவது ஒரு இடத்தில் திடீரென்று நம் வீட்டுக்குள் வந்து நின்றுவிடும். சிரித்துக்கொண்டிருந்த என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லியோனியின் அணிக்குப் பாட்டு பலம், அது வேறு ருசி. பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த வடிவத்தைக் கோயில் மேடைகளிலும் கம்பன் விழாக்களிலும் ஊர் ஊராகக் கொண்டுபோன முந்திய தலைமுறையில் குன்றக்குடி அடிகளார் முக்கியமானவர். இன்னும் பின்னால் போனால் மணிமேகலையில், இந்திர விழாவை ஊருக்கு முரசறைந்து அறிவிக்கிற இடத்திலேயே, சமயவாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்று சொல்லப்படுகிறது. திருவிழாவன்று மேடை ஏறி வாதாடுவதும் அதைக் கூட்டம் உட்கார்ந்து கேட்பதும் டிவிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. நம் விழா நாளோடு அது எப்போதோ சேர்ந்துவிட்டது. அதனால்தான் இத்தனை சேனல் வந்தும் அந்த ஒரு மணி நேரத்தை யாராலும் எடுக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் மறுநாள் பார்க்கலாம் என்று சொன்ன நானே இதை மட்டும் அன்றைக்கே, வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே பாருங்கள் என்பேன். தனியாகப் போனில் பட்டிமன்றம் பார்த்தால் பாதிச் சிரிப்பு வராது.

இனி அன்றைக்கே நடப்பவை. என் மனதில் முதலிடம் கார்த்திகை தீபத்துக்கு. 1989 வரை திருவண்ணாமலையும் வடஆற்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. வேலூரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். கூட்டத்தில் போகமுடியாதவர்களுக்கு டிவிதான் மலை. விடியற்காலை 4 மணிக்குப் பரணி தீபம். சாயங்காலம் 6 மணிக்குச் சற்று முன்னால், சில நிமிடமே, அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வருவார். அந்தக் கணத்தில் 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் தீ. எங்கள் தெருவில் அகல்களில் எண்ணெயும் திரியும் போட்டு வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் பிடித்தபடி பெண்கள் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் மலைமேல் தீபம் எரிந்ததும் இங்கே ஏற்றவேண்டும்.

இதில் எனக்கு வந்த புகார் ஒன்றைச் சொல்லவேண்டும். "பக்கத்து வீட்டுல தீபம் ஏத்திட்டாங்க, எங்க டிவியில இன்னும் இருட்டாவே இருக்கு, உங்க லைன்ல ஏதோ கோளாறு" என்று ஒரு அம்மா போன் செய்தார். கோளாறு இல்லை. நேரலை என்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புகிறது. அதற்குக் கால் நொடிதான் ஆகும். ஆனால் படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் பல நொடிகள் போகின்றன. சேனலுக்குச் சேனல், பாக்ஸுக்குப் பாக்ஸ் அது மாறும். போனில் இணையம் வழியாகப் பார்த்தால் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். அதனால் தீபத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போனை நம்பாதீர்கள், கேபிளிலோ டிடிஎச்சிலோ பாருங்கள். 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய நம் பழைய பொதிகைச் சேனல் இந்த மாதிரி நேரலைகளுக்கு நல்லது. கேமராவும் நிதானமாக இருக்கும், பேசுகிறவர்களும் மூச்சுவிட இடம் கொடுப்பார்கள்.

கிறிஸ்துமஸ் ராத்திரித் திருப்பலியும் அப்படியே. வேலூரில் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகை, ஆலயத்துக்குப் போகமுடியாத முதியவர்களுக்கு டிசம்பர் 24 நள்ளிரவு நேரலைதான் துணை. மார்கழிக் கச்சேரிகளில் பெரும்பாலானவை பதிவுதான், அவசரமில்லை.

பொங்கலுக்கு வருவோம். தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். இந்த மூன்று ஜல்லிக்கட்டும் காலையிலிருந்து நேரலையில் வருகின்றன, அவசியம் பாருங்கள். ஆனால் என் மனதில் ஒரு குறை ரொம்ப நாளாக இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் மாடு விடும் விழாவைப் பெரிய சேனல் எதுவும் இப்படி எடுத்துக் காட்டியதில்லை. இரண்டும் வேறு வேறு விளையாட்டு. இங்கே மாட்டை யாரும் அணைவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் பந்தயம், நொடியின் பின்னங்கூட வெற்றி தோல்வியை மாற்றும். கே.வி.குப்பம், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் தையில் ஆரம்பித்து மாசி, பங்குனி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். 2017இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது, திரையில் இல்லை.

அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்பியது உள்ளூர் கேபிள் சேனல்தான். கல்யாண வாழ்த்து, காதுகுத்து வாழ்த்து, கடை விளம்பரம் கீழே ஓட, மேலே ஒற்றைக் கேமராவில் எடுத்த மாடு விடும் விழா. படம் ஆடும், சத்தம் இரையும். ஆனால் ஓடுகிற மாடு யாருடையது என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் உள்ளூர் கேபிளில் நேரலையாக ஓடும்போது பெரிய சேனல் எதையும் யாரும் வைக்கமாட்டார்கள். இப்போது அந்த வேலையை யூடியூபில் இளைஞர்கள் செய்கிறார்கள், என் காலத்தைவிட நன்றாகவே செய்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது உங்கள் அப்பாவுக்கு அதைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுங்கள்.

"எல்லாச் சேனலும்" என்று நீங்கள் சொல்வது தமிழ்ச் சேனல்களை மட்டும் மனதில் வைத்து. வேலூரில் அது போதாது. காட்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் பொங்கலன்றே சங்கராந்தி, தெலுங்குப் புதுப்படமும் தமிழ்ப் புதுப்படமும் ஒரே நேரத்தில் மோதும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் ரமலான் மாதம்தான் சீசன். நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹர் நேர நிகழ்ச்சிகளுக்காக விடியற்காலை 3 மணிக்கே லைன் சரியாக இருக்கவேண்டும், அந்த மாதம் நாங்கள் முறை வைத்துத் தூங்குவோம். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மேற்கு வங்கம், வங்கதேசத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களுக்குத் துர்கா பூஜை சமயத்தில் வங்காளச் சேனல் இல்லையென்றால் அந்த அறை தாங்காது. நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, நான்கைந்து அறைக்காரர்கள் ஒரே அறையில் கூடி, ஊர்ப் பந்தலை டிவியில் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றிலிருந்து அந்தச் சேனல் புகாருக்கு நான் ஆள் அனுப்பவில்லை, நானே போனேன்.

பொழுதுபோக்குச் செய்திகளைப் பற்றியும் நீங்கள் கேட்டிருக்கலாம், ஏனென்றால் பண்டிகை நேரத்தில் அதுவும் சேர்ந்துதான் வீட்டுக்குள் வருகிறது. பேட்டி கொடுக்கும் நடிகருக்கு அந்த வாரம் படம் வெளியாகியிருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வசூல் கணக்கில் கவனம் வேண்டும். எந்தப் படம் எவ்வளவு வசூலித்தது என்று பொதுமக்கள் பார்க்கும்படி அரசு வெளியிடும் கணக்கு தமிழ்நாட்டில் கிடையாது. போஸ்டரில் வரும் கோடி என்பது பெரும்பாலும் டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. வரி, தியேட்டர் பங்கு எல்லாம் போய் மிஞ்சுவதைத்தான் தொழிலில் ஷேர் என்பார்கள், படம் பிழைத்ததா என்பது அதில் இருக்கிறது. இதில் நம் ஊருக்கு ஒரு அழகான செய்தியும் உண்டு. சினிமா விநியோகத்தில் தமிழ்நாட்டைச் சில ஏரியாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று என்.எஸ்.சி. வடஆற்காடு, தென்ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். வடஆற்காடு 1989இல் இரண்டாகி, வேலூர் என்று பெயர் மாறி, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரிந்தது. சினிமாக்காரர்கள் கணக்கில் மட்டும் அது இன்னும் ஒரே வடஆற்காடுதான். "என்.எஸ்.சி. உரிமை விற்பனை" என்று செய்தி வந்தால் அது நம்மைப் பற்றியது.

கடைசியாக நடைமுறை. அரசு கேபிள் நிறுவனம் தொடங்கியபோது கட்டுப்பாட்டு அறை அமைத்த ஊர்களில் வேலூரும் ஒன்று. 2011இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்கள் மொத்தமாக வந்தன. 2019 பிப்ரவரியில் புது விதி வந்தபிறகு, வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டவேண்டும். அதனால் பல வீடுகளில் ஏதோ ஒரு பேக் போட்டுவிட்டு, பண்டிகையன்று படம் வரும் சேனல் அதில் இல்லை என்று அப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ரீசார்ஜ் செய்ய வருவதால் ஆபரேட்டரின் சிஸ்டம் திணறும், போனும் கிடைக்காது. ஊருக்குக் கிளம்பும் முன்பே அம்மாவிடம் கேட்டு, பாக்ஸின் எண்ணையும் சந்தா முடியும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி பண்டிகையை ஒட்டி வந்தால் ஒரு வாரம் முன்னதாகக் கட்டிவிடுங்கள். டிடி தமிழ் எந்த எண்ணில் வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவையுங்கள். கார்த்திகையன்று நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு அந்தச் சீட்டு உதவும்.